கடல்மல்லையும் பூஞ்சேரிக் கல்லும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



"கல்வியின் மாண்பு" என்னும் தலைப்பே நமக்கு முதலில் தரப்பட்டது. காலை முதல் இம்மேடையில் பேசிய பெருமக்கள் அம்மாண்பைக் குறைவின்றி எடுத்துரைத்துவிட்டனர். ஆதலின் விழாக் குழுவினரின் இசைவு பெற்று, ஓர் ஊரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். அவ்வூர் தொலைவில் இல்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியே சென்றால் எட்டிவிடும் மாமல்லபுரந்தான் அது. கடற்கரையில் அமைந்த கோயில் நகரம். பாடநூலிலும் நாட்காட்டியிலும் பலமுறை கண்டுவிட்டமையால் நமக்குத் தெரிந்த ஊர் என்றே அனைவரும் எண்ணியிருக்கிறோம். தெரிந்ததாக எண்ணும் ஊரில் தெரியாமற் கிடப்பவை சில உள. அவற்றுள் நம் சமுதாயத்திற்கு வேண்டியவற்றை மட்டும் இன்று பேசுவோம்.

நம் பகுதிப் பள்ளிகளிலிருந்து ஆண்டுதோறும் மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றனர். நாமும் பன்முறை அழைத்துச் சென்றிருக்கிறோம். ஐந்து தேர்கள், சரிவில் நிற்கும் பெரிய உருண்டைப் பாறை, அருச்சுனன் தவம் என்று பெயர் பெற்ற பாறைச் சிற்பம், கடற்கரைக் கோயில் என்று ஒரு சுற்று. பிறகு புளிச்சோறு, பிறகு கடல் அலையில் கால் நனைத்தல், பொழுது சாயுமுன் பேருந்து. வழிகாட்டுவோர் சொல்வதெல்லாம் மன்னர் பெயர். மாமல்லன் வெட்டினான், இராசசிம்மன் கட்டினான். மன்னன் உளி பிடித்தானா என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை; கேட்கும் பிள்ளையைப் பேசாதிரு என்று அடக்கும் ஆசிரியரும் உளர்.

மன்னர் பெயரிலும் ஐயம் உண்டு என்பதை மாணவர் அறிய வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்து மாமல்லன் எனப் பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்மனே ஒற்றைக்கல் தேர்களைச் செய்வித்தான் என்பது பலர் கொண்ட முடிவு. கடற்கரைக் கோயிலை எடுப்பித்தவன் அவனுக்குப் பின் வந்த இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன். ஆயின் 1962ஆம் ஆண்டில் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, அங்குள்ளவை அனைத்தும் இராசசிம்மன் காலத்தவையே என்று வாதிட்டார். அவ்வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. கல்லில் பொறித்த பட்டப் பெயர்களை எவ்வாறு படிப்பது, யாருக்கு உரியவை என்று கொள்வது என்பதே வழக்கு. ஐந்து தேர்களுள் தருமராசன் தேரில் அப்பட்டங்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. ஆளுவோர் தம் பெயரை உயரத்தில் எழுதுவித்தனர்.

அத்தேர்களின் வரிசையில் முதலாவது நிற்பதைச் சற்று நின்று காணுங்கள். திரௌபதி தேர் என்பர். பெயர் பிற்காலத்தார் இட்டது. பாரதக் கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதன் வடிவம் ஒரு கூரைக் குடிசை. நாற்புறமும் சரிந்து இறங்கும் கூரை, வளைந்த விளிம்பு, சிறு வாயில். நம் தாத்தன் பாட்டி வாழ்ந்த வீட்டை எவரோ கருங்கல்லில் செதுக்கி வைத்தாற்போல் இருக்கும். மண்சுவரும் கீற்றும் கொண்டு வீடு கட்டத் தெரிந்த கை இருந்தமையால் அன்றோ கல்லில் அதைப் படியெடுக்க முடிந்தது? பெருங்கோயிலின் விமானத்திற்கும் மூலம் குடிசைதான் என்று கட்டடக்கலை கற்றோர் கூறுவர். குடிசைப் பகுதி என்று பிறர் முகம் சுளிக்கும்போது இக்கல்லை நினைவிற் கொள்ளுதல் நலம்.

முற்றுப்பெறாத பணிகளையும் காண வேண்டும். ஊருக்கு மேற்குப் புறம் பிடாரி தேர்கள், வலையன்குட்டைத் தேர் என்பன உள. சுற்றுலா வருவோர் அங்குச் செல்வது அரிது. முடிந்த சிற்பம் அழகைக் காட்டும். முடியாத சிற்பம் வேலையைக் காட்டும். பாறையின் முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கிடையே பள்ளம் பறித்து, நின்ற பகுதியை உடைத்து எடுத்து, மீண்டும் கட்டமிட்டு உள்ளே செல்வர். மேலிருந்து கீழ்நோக்கி வேலை நடந்ததையும் அங்கே காணலாம்; மேற்பகுதி உருப்பெற்றிருக்கக் கீழ்ப்பகுதி வெறும் பாறையாக நிற்கும். கருங்கல்லில் அரை நாள் கொத்தினால் உளி மழுங்கிவிடும். அதனைக் காய்ச்சி அடித்துக் கூராக்கிக் கொடுக்க அருகிலேயே ஓர் உலைக்களம் எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். கல் சுமந்தவர், கழிவை அள்ளியவர், கரி சுட்டவர், சோறாக்கியவர் எத்தனை பேர்!

அவர்கள் பெயர் எங்கே என்று கேட்டால், முழுதும் இல்லையென்று சொல்வதற்கில்லை. பழைய மாமல்லபுரம் சாலை வந்து சேரும் இடத்தில் பூஞ்சேரி என்றோர் ஊர் உண்டு. அங்கே நொண்டி வீரப்பன் தோட்டம் என்று வழங்கும் இடத்தில் ஒரு பாறை. அதில் பல்லவர் கால எழுத்தில் சிலருடைய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன் என்று கல்வெட்டறிஞர் படித்துள்ளனர். மாமல்லபுரத்துக் கற்றச்சர் பெயர்கள் இவை என்பது அறிஞர் கருத்து. பெருந்தச்சன் என்பவன் தலைமைத் தொழிலாளி. கொல்லன் சேமகன் என்பவன் யார்? சற்றுமுன் சொன்ன உலைக்களத்தில் உளி தீட்டிக் கொடுத்த கை அவனுடையதாக இருக்கலாம். மன்னன் பெயர் தேரின் உச்சியில். தொழிலாளி பெயர் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துப் பாறையில். எனினும் அவர்கள் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார்கள். அல்லது எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதுவித்தார்கள். இரண்டில் எதுவாயினும், எழுத்தின் பயனை அறிந்திருந்தனர் என்பது தெளிவு.

இங்கே நம் இளைஞர் சிலரோடு நமக்குள்ள கருத்து வேறுபாட்டையும் கூறிவிட வேண்டும். மல்லைக் கோயில்களை வெட்டியவர் நம் முன்னோரே என்று சென்ற ஆண்டு நம் சங்கக் கூட்டத்தில் ஓர் இளைஞர் உணர்ச்சி பொங்கப் பேசினார், கைதட்டலும் பெற்றார். அவருடைய உணர்ச்சியை மதிக்கிறோம். ஆனால் கல்லில் இல்லாததைக் கல்லின்மேல் ஏற்றக் கூடாது. அப்பெயர்களில் தச்சன், கொல்லன் என்னும் தொழிற்பெயர்கள் உண்டு. இன்ன சாதியார் என்ற குறிப்பு இல்லை. இன்றைய சாதிப் பட்டியலை ஏழாம் நூற்றாண்டின்மேல் விரித்துப் போர்த்துவது பிறர் செய்துவரும் தவறு. அதையே நாமும் செய்தால் அவர்களை மறுக்க நமக்கு வாயிராது. நம் உரிமைக்குப் பொய்ச் சான்று தேவையில்லை. மெய்ச் சான்றே மிகுதி.

மெய்ச் சான்று ஒன்று கூறுவோம். சேரி என்ற சொல்லைக் கேட்டதும் இன்று பலருக்கு நாணம் வருகிறது. பூஞ்சேரி என்ற பெயரிலும் அச்சொல் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் பராந்தக சோழன் காலத்தில் எழுந்த உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். குடவோலை முறையைக் கூறுவது. அந்தணர் வாழ்ந்த அவ்வூரின் பன்னிரண்டு பகுதிகளையும் அக்கல்வெட்டு சேரி என்றே குறிக்கிறது. ஆக, சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடத்தின் பெயர், அவ்வளவே. நூறாண்டு கழித்து, முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளைப் பாருங்கள். வரியில்லா நிலங்களைக் கணக்கிடும் இடத்தில் பறைச்சேரி வருகிறது. கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. அன்று கோயிலுக்குக் கல் செதுக்கிய கம்மாளனுக்கும் தனிச்சேரிதான். தீண்டாமை தொன்றுதொட்டு, உலகம் தோன்றிய நாள்முதல் வருவது என்று நம்மிடம் சொல்லப்படுவதற்கு இக்கல்வெட்டுகளே விடை. ஒரு சொல் எந்த நூற்றாண்டில் எந்தப் பொருளில் வழங்கியது என்று காட்ட முடிந்தால், அந்த வழக்கத்திற்கும் தொடக்கம் உண்டு என்று காட்ட முடியும்.

இனி, பாறைகளை விட்டு மக்கள் வழிபடும் கோயிலுக்கு வருவோம். தேர்களையும் கடற்கரைக் கோயிலையும் நடுவணரசின் தொல்லியல் துறை காத்து வருகிறது. 1984ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் அவை சேர்க்கப்பட்டன. அங்கு நுழைவுச் சீட்டு உண்டு. சாதி கேட்பவர் எவருமில்லை. 2019 அக்டோபரில் இந்தியத் தலைமை அமைச்சரும் சீன அதிபரும் அங்கே நடந்து சென்ற காட்சியை உலகமே கண்டது. ஆயின் ஊர் நடுவில், வழிபாட்டிலுள்ள கோயில் தலசயனப் பெருமாள் கோயில். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ளது. திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்று பாடிய தலம்; பூதத்தாழ்வார் பிறந்த ஊர். அரவணையின்றி வெறுந்தரையில் பெருமாள் படுத்திருக்கும் கோலமாதலின் தலசயனம் எனப் பெயர். அதற்கொரு கதை உண்டு. புண்டரீகர் என்னும் முனிவர், பாற்கடலில் உள்ள பெருமாளைக் காணக் கடல்நீரையெல்லாம் கையால் இறைக்கத் தொடங்கினாராம். பெருமாள் ஒரு முதியவராக வந்து, பசிக்கிறது, உணவு தா என்று கேட்டாராம். முனிவர் சோறு கொண்டு திரும்புமுன் தரையிலேயே பள்ளிகொண்டாராம். பசித்து வந்தவன் யார் என்று பாராமல் சோறு தேடச் சென்றவரின் கதை இது.

அக்கோயிலில் 2021 அக்டோபரில் நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அன்னதானப் பந்தியில் அமரச் சென்ற நரிக்குறவர் பெண்ணொருவர் தமக்கு இடம் மறுக்கப்பட்டதாகக் கூறினார். குழந்தையோடு நின்று அவர் பேசிய காணொளி தமிழகமெங்கும் பரவியது. அதே மாதம் அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அக்கோயிலுக்குச் சென்று அப்பெண்ணுடன் ஒரே பந்தியில் அமர்ந்து உணவருந்தினார். சில நாட்களில், நவம்பர் 4ஆம் நாள் தீபாவளியன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் பிறவும் வழங்கினார். ஆம், கொல்லன் சேமகன் பெயர் கிடக்கும் அதே பூஞ்சேரி.

நல்ல செயல்கள் நடந்தன, பாராட்டுவோம். ஆனால் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. ஆலய நுழைவுக்குச் சட்டம் வந்து எத்தனை ஆண்டுகள்! நம் தாம்பரத்திற்கு அண்மையிலுள்ள பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் பெருந்தலைவர் எம்.சி. ராஜா. நம்மைப் போல் ஆசிரியர் தொழில் பார்த்தவர். 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த சமூக இடையூறுகளை நீக்கும் மசோதா நிறைவேறியது. அடுத்து அவரே கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை இராஜாஜியின் அமைச்சரவை ஏற்கவில்லை, அது தோல்வியுற்றது. மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் வந்தது. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாதையர் தலைமையில் நம்மவரும் நாடாரும் நுழைந்தனர். அதன்பின் அவசரமாக ஒரு சட்டம். பிறகு 1947இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், மாகாணத்துக் கோயில்கள் அனைத்தும் திறக்கப்பட்டன. அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டம். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இத்தனைக்கும் பிறகு ஒரு வேளைச் சோற்றுக்குப் பந்தியில் இடம் உண்டா இல்லையா என்பது 2021இலும் வழக்காக நின்றது.

கோயிலுக்கே ஏன் போக வேண்டும் என்று கேட்போர் நம்முள் உளர். பண்டிதர் அயோத்திதாசர் பௌத்தம் தழுவினார். பாபாசாகேப் அம்பேத்கர் நாசிக்கில் 1930இல் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தைத் தொடங்கி, 1956இல் நாகபுரியில் பௌத்தரானார். நம் சங்கத்திலும் பௌத்தர், கிறித்தவர், கடவுள் மறுப்பாளர், திருநீறணிவோர் எல்லோரும் உண்டு. போவதும் போகாதிருப்பதும் அவரவர் உரிமை. போகாதே என்று பிறன் கைநீட்டித் தடுப்பது வேறு. அப்பெண் கேட்டது வீடுபேறு அன்று. பொதுப் பணத்தில் நடக்கும் பந்தியில் ஓர் இலை.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்ததையும் சட்டம் பயிலும் நம் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினர்க்கும் பட்டியல் பழங்குடியினர்க்குமே பொருந்தும். 2021இல் தமிழ்நாட்டில் நரிக்குறவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தனர். எனவே அச்சட்டத்தின் காப்பு அவர்களுக்கு இல்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்வழியே 2023 தொடக்கத்தில்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றனர். பந்தியிலிருந்து ஒருவரை எழுப்ப ஒரு சொல் போதும். அவரைக் காக்கும் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க எத்தனை ஆண்டுகள் ஆயின பாருங்கள்.

பூஞ்சேரியில் கொடுத்த பட்டாவைப் பற்றியும் ஒரு சொல். சோற்றுக்கு நேர்ந்த இழிவுக்கு மனைப் பட்டா எவ்வாறு மருந்தாகும் என்று சிலர் கேட்டனர். நம் செங்கல்பட்டு வரலாறு அறிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். 1891இல் இம்மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர் என்னும் ஆங்கிலேயர், பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். உழைப்பவன் குடியிருக்கும் குடிசையின் அடிமண்ணும் மிராசுதாரனுடையது. எதிர்த்து ஒரு சொல் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேற வேண்டும். ஆதலால் எந்த உரிமையையும் அவன் கேட்க இயலாது என்பதை அவர் கண்டுகொண்டார். அதன் விளைவாக 1892இல் பிறந்ததே பஞ்சமி நில ஆணை. அந்நிலம் எவ்வாறெல்லாம் கைமாறிப் போயிற்று என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை. அதனை மீட்கக் கோரிச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது 1994 அக்டோபர் 10ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். இங்கே அமர்ந்திருக்கும் முதியோருக்கு அந்நாள் நினைவிருக்கும். காலடி மண் தனதாக இருப்பவனே கோயில் வாயிலிலும் பள்ளிக்கூட வாயிலிலும் உரத்துப் பேச முடியும். இம்மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் நமக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்தபோது, அது ஊருக்கு ஊர் நடைமுறைக்கு வர எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இருளர் என்று சொன்னோம். அவர்களைப் பற்றி இன்னும் சற்றுக் கூற வேண்டும். மாசி மகத்தையொட்டி மாமல்லபுரக் கடற்கரைக்கு ஒருமுறை சென்று பாருங்கள். பல மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் புடைவையாலும் தார்ப்பாயாலும் கூடாரம் இட்டுத் தங்குவர். நிலவு காய்ந்த இரவு கழிந்து விடியற்பொழுதில் ஈர மணலைக் குவித்துப் படிகள் அமைத்து, கன்னியம்மனை எழுந்தருளச் செய்து, மஞ்சளும் பூவும் சாத்தி வழிபடுவர். திருமணம் அங்கேயே, காதணி விழாவும் முடியிறக்குதலும் அங்கேயே. கதவில்லை, பூட்டில்லை, உள்ளே வராதே என்பாரில்லை. சிறிது தொலைவில் பல்லவன் கட்டிய கருங்கற்கோயில் நிற்கிறது. அதன் கருவறையில் இன்று அன்றாட வழிபாடு இல்லை. மணலில் கட்டிய கோயிலை அன்றன்று அலை கொண்டுபோகிறது. வழிபாடு மட்டும் ஆண்டுதோறும் திரும்ப வருகிறது.

இருளரின் அறிவும் எளியதன்று. மாமல்லபுரத்திற்குச் சிறிது வடக்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. பாம்புக்கடிக்கு நம் மருத்துவமனைகளில் இடும் மருந்துக்கு வேண்டிய நஞ்சை அவர்களே எடுத்துக் கொடுக்கின்றனர். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர்க்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. ஆயின் அவர்கள் பிள்ளைகள் எத்தனை பேர் நம் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு முடிக்கின்றனர்? செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் பெற்றோர் முன்பணம் வாங்கிப் போகையில் பிள்ளையும் உடன் போகிறது. வருகைப் பதிவேட்டில் அதன் பெயருக்கு நேரே நீண்ட கோடு விழுகிறது. ஊர் ஊராகப் பணியாற்றிய தலைமையாசிரியர் எவரும் அக்கோட்டை அறிவர்.

அன்பர்களே, இப்போது சற்றுக் கசப்பான செய்திக்கு வருகிறோம். மேலேயுள்ளவன் நம்மைத் தள்ளினான் என்று நாம் பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் நம் தெருவில் நரிக்குறவர் பெண் பாசிமணி விற்க வந்தால் திண்ணையில் உட்காரச் சொல்லும் வீடுகள் எத்தனை? இருளர் பிள்ளை நம் பிள்ளைக்கு அருகில் அமர்ந்தால் இடம் மாற்றித் தருமாறு தலைமையாசிரியர் அறைக்கு வந்து கேட்ட பெற்றோர் எல்லாம் பிற சாதியினர்தாமா? அல்லர். நமக்குள்ளும் ஒரு பந்தி வரிசை இருக்கிறது. பாபாசாகேப் இதனைப் படிநிலைச் சமனின்மை என்று விளக்கினார். ஒவ்வொருவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் கிடைத்துவிடுகிறான். அதனால்தான் ஏணி விழாமல் நிற்கிறது.

நம் சங்க விதிகளில், உதவித்தொகை "நம் இனத்து மாணவர்க்கு" என்று உள்ளது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு எழுதியவர்கள் தவறாக எழுதவில்லை. கையிலிருந்த பணம் சிறிது, பிள்ளைகள் பலர். ஆனால் இன்று மாலை வகுப்புகள் நடத்துகிறோம், நூலகம் இருக்கிறது, அரசுப் பணியிலுள்ள உறுப்பினர் மாதந்தோறும் பணம் தருகின்றனர். அந்த விதியில் "இருளர், நரிக்குறவர் உள்ளிட்ட பழங்குடி மாணவர்க்கும்" என்ற தொடரைச் சேர்க்க வேண்டும் என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரவுள்ளோம். எதிர்ப்பு இருக்கும் என்பதை அறிவோம். "நமக்கே போதவில்லை" என்பது முதல் எதிர்ப்பாக இருக்கும். ஆலய நுழைவு மசோதா வந்த நாளில், காலம் இன்னும் கனியவில்லை என்று சொல்லப்பட்டதும் இதைப் போன்றதொரு சொல்லே. உறுப்பினர்கள் வீட்டிற் சென்று எண்ணிப் பார்த்து வந்து வாக்களிக்குமாறு வேண்டுகிறோம்.

மாணவர்க்கு இரண்டொரு செய்தி. மாமல்லபுரத்தில் 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கி வளர்ந்த அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி உள்ளது. சிற்பம் ஒரு குலத்தின் தொழில் என்று இருந்த காலம் போய், விண்ணப்பம் எழுதிப் பயிலும் பட்டப் படிப்பாக அது ஆகியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வரைவதில் கையுள்ள பிள்ளைகள் இதனை அறியாமலே பொறியியலுக்கு ஓடுகின்றனர். அவ்வாறே கல்வெட்டுப் படிப்பும். தமிழ்நாடு தொல்லியல் நிறுவனம் முதுகலை முடித்தோர்க்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மாமல்லபுரத்தை அடித்தபோது நிகழ்ந்ததைக் கேளுங்கள். சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின் எழுத்துகள் வெளிப்பட்டன. அவற்றைப் படித்தவர்கள், திருவிழிச்சில் என்னுமிடத்தில் சுப்பிரமணியர் கோயில் ஒன்று இருந்த செய்தியைக் கண்டனர். 2005இல் அகழ்ந்தனர். பல்லவர் கற்பணிக்கும் அடியில் அதற்கு முந்திய செங்கற்கோயில் கிடைத்தது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அன்று அவ்விடத்தில் இல்லாதிருந்தால் மணல் அதனை மீண்டும் மூடியிருக்கும். அவ்வெழுத்தைப் படிக்கும் அறிஞர் கூட்டத்தில் நம்மவர் மிகச் சிலரே. கோயில் அருச்சகர் பணியும் இன்று மூடிய கதவன்று. உரிய பயிற்சி பெற்ற பல சாதியினர் 2021 ஆகஸ்டில் அரசால் அருச்சகராக அமர்த்தப்பட்டனர். விரும்புவோர் முயலலாம். நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் கல்வெட்டுப் படிப்பை வற்புறுத்துகிறோம்.

வெள்ளி விழாவையொட்டிச் சங்கம் ஒரு பேருந்து அமர்த்தியுள்ளது. மாசி மகத்திற்கு முந்திய ஞாயிறன்று காலை ஆறு மணிக்குத் தாம்பரத்திலிருந்து புறப்படும். வழக்கமாக முதலில் செல்லும் ஐந்து தேர்களுக்கு இம்முறை பிற்பகலில்தான் செல்வோம். முதலில் பூஞ்சேரி. அங்கே ஒவ்வொரு மாணவரும் கல்லிலுள்ள பெயர்களைப் பார்த்துத் தம் ஏட்டில் எழுத வேண்டும். ஆதலின் கோடில்லாத ஏடும் கரிக்கோலும் கொண்டுவருக. கல்லின்மேல் சுண்ணமோ மையோ பூசவும், தம் பெயரைக் கீறவும் எவரும் முற்படலாகாது. அதன்பின் அங்குள்ள நரிக்குறவர், இருளர் குடும்பத்துப் பெரியோர் சிலரோடு பேசுவோம்; அவர்களிடம் முன்னரே சொல்லியிருக்கிறோம். நண்பகலில் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் அமர விரும்புவோர் அமரலாம். விரும்பாதோர்க்கு மகளிர் குழுவினர் சோறு கட்டிக் கொண்டுவருவர். நாம் பந்தியில் அமர்வதாக இருக்கிறோம். இடங்கள் ஐம்பது, பெயர் கொடுப்போர் மேடைக்கு இடப்புறம் அமர்ந்துள்ள பொருளாளரிடம் இன்று மாலைக்குள் கொடுக்கவும்.